எஃப்எஸ்சிகே அடிக்கும் முன்

ரீபூட் செய்த லினக்ஸ் சர்வர் மேலே வராமல் நின்றுவிட்டால், பலருடைய கை நேராகப் போவது எஃப்எஸ்சிகே கட்டளைக்குத்தான். அதுவும் மைனஸ் ஒய் சேர்த்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் அதுவே ‘ஆம்’ சொல்லிக்கொண்டு போகட்டும் என்று. கொஞ்சம் பொறுங்கள். ‘ரூட் ஃபைல் சிஸ்டம் பிரச்சினை’ என்று நம்மிடம் வருகிற பலவற்றில் ஃபைல் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்க்கே கர்னலுக்குத் தெரிந்திருக்காது. அல்லது டிஸ்க் இருக்கும், தேடுகிற அடையாளம் தப்பாக இருக்கும். அல்லது எஃப்எஸ்டேப் கோப்பில் யாரோ சேர்த்த ஒரு வரி மொத்த பூட்டையும் நிறுத்தி வைத்திருக்கும். இவை எதற்கும் எஃப்எஸ்சிகே மருந்தல்ல. உண்மையிலேயே டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால், அது இருப்பதையும் கெடுத்துவிடக்கூடும்.

ஆகவே முதல் வேலை, திரையில் இருப்பதை மொபைலில் படம் எடுத்துக்கொள்வது. பவர் பட்டனை அழுத்திவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். ரூட் ஏறாத நிலையில் லாக் எழுத இடமே கிடையாது என்பதால், பிற்பாடு தேடினாலும் கிடைக்காது.

பூட் எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். கிரப், கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிக ஃபைல் சிஸ்டத்தையும் மெமரிக்குள் ஏற்றுகிறது. டிஸ்க் டிரைவர்கள், எல்விஎம், ரெய்டு கருவிகள் எல்லாம் அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள்தான் இருக்கின்றன. அது உண்மையான ரூட்டைத் தேடிப்பிடித்து மவுண்ட் செய்கிறது. அதன் பிறகே சிஸ்டம்டி எழுந்து, எஃப்எஸ்டேப்பைப் படித்து மற்றவற்றை மவுண்ட் செய்யப் போகிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் இருக்கும் செய்தியே சொல்லிவிடும்.

முதலில் கர்னல் பேனிக். ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்’ என்று வந்து, அடைப்புக்குள் 0,0 என்று இருந்தால், ரூட் இருக்கும் சாதனம் எது என்றே கர்னலுக்குத் தெரியவில்லை. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வரும் முதல் ரீபூட்டில் இது வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பூட் பார்ட்டிஷனைத்தான். பழைய கர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பியிருக்கும். புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதப்பட்டோ எழுதப்படாமலோ நின்றிருக்கும். தீர்வு எளிது. கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். மேலே வந்ததும் பழைய கர்னல்களைப் பேக்கேஜ் மேனேஜர் மூலமாகவே நீக்கி இடம் உண்டாக்குங்கள். பிறகு உபுண்டு, டெபியன் என்றால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட்ஹேட் வகை என்றால் டிராகட் கட்டளை கொண்டு, கெட்டுப்போன அந்தக் கர்னலின் பெயரைக் கொடுத்து மறுபடி உருவாக்குங்கள். பெயர் கொடுக்காவிட்டால் டிராகட் இப்போது ஓடுகிற நல்ல கர்னலுக்கே மறுபடி செய்துவைக்கும். அடைப்புக்குள் 8,1 மாதிரி எண்கள் இருந்தால் கதை வேறு. 8 என்பது எஸ்சிஎஸ்ஐ, சாட்டா டிஸ்க்குகளின் எண். எந்தச் சாதனம் என்பது முடிவாகிவிட்டது. அதைத் திறக்கவோ, அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கவோதான் முடியவில்லை.

இரண்டாவது வகை, பேனிக் ஆகாமல் ஒரு சின்ன ஷெல்லில் கொண்டுபோய் விடுவது. டெபியன் வகையில் ‘அலர்ட்’ என்று ஆரம்பித்து, இன்ன யூயூஐடி இல்லை என்று சொல்லி, பிஸிபாக்ஸ் ஷெல்லுக்கு வந்து நிற்கும். ரெட்ஹேட் வகையில் டிராகட் சற்று நேரம் காத்திருந்து, டைம்அவுட் எச்சரிக்கைகளை வரிசையாகக் கொட்டிவிட்டுத் தன் ஷெல்லைத் தரும். இங்கே செய்ய வேண்டியது ஒப்பிட்டுப் பார்ப்பது. ப்ராக் டைரக்டரியில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்தால், ரூட் எது என்று கர்னலுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது எனத் தெரியும். அதே இடத்தில் இருக்கும் பார்ட்டிஷன்ஸ் கோப்பும் பிஎல்கேஐடி கட்டளையும் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும்.

இரண்டாவது பட்டியலில் டிஸ்க்கே இல்லையென்றால் டிரைவர் இல்லை, அல்லது கேபிள், கன்ட்ரோலர், ஸ்டோரேஜ் பக்கம் பிரச்சினை. நிஜ சர்வரை விர்ச்சுவலாக மாற்றும்போதும், ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போதும் இது நடக்கும். ரெட்ஹேட் வகைகளில் டிராகட் வழக்கமாக அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்கிறது. புது இடத்தில் டிஸ்க் விர்ட்ஐஓ வழியாக வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. இதற்கென்றே கிரப் மெனுவின் அடியில் ‘ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி இருக்கிறது; பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் இனிட்ராம்எஃப்எஸ் எல்லா டிரைவர்களோடும் கட்டப்பட்டது. அதில் ஏறி, டிராகட்டை ஓட்டி, சாதாரணக் கர்னலுக்கானதைப் புதுப்பித்தால் வேலை முடிந்தது.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எல்விஎம் வால்யூம் தெரியவில்லை என்றால் ‘எல்விஎம் விஜிசேஞ்ச்’ கட்டளையை மைனஸ் ஏஒய் சேர்த்து ஓட்டி வால்யூம் குரூப்பை எழுப்பிவிட்டு, ‘எக்ஸிட்’ அடித்தால் பூட் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் எம்டிஅட்ம் அசெம்பிள். எல்லாமே தெரிகிறது, யூயூஐடி மட்டும் வேறாக இருக்கிறது என்றால், யாரோ பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்தோ டிஸ்க்கை மாற்றியோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆளைப் பிடித்து விசாரித்துக்கொள்ளலாம். இப்போதைக்கு கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ரூட் மதிப்பைத் திருத்தி மேலே வாருங்கள்.

மூன்றாவது வகை நிறையப் பேரை ஏமாற்றுவது. ‘எமர்ஜென்ஸி மோட்’ என்று போட்டு, பராமரிப்புக்காக ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். பார்க்க ரூட்டே போய்விட்டது மாதிரி இருக்கும். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் ரூட் நல்லபடியாக மவுண்ட் ஆகியிருக்கும்; மவுண்ட் ஆகாதது டேட்டா டிஸ்க்கோ, கழற்றி எடுத்துப்போன பேக்கப் டிஸ்க்கோ. சிஸ்டம்டி அதற்காக வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு, கிடைக்காததால் கதவைச் சாத்தியிருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கு ‘ஃபெயில்டு’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் குற்றவாளியின் பெயர் வந்துவிடும். ரூட்டை ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்துங்கள். இல்லாவிட்டாலும் சர்வர் ஓடலாம் என்கிற டிஸ்க்குகளுக்கு ‘நோஃபெயில்’ என்று சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு சொல் எத்தனையோ இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும்.

பல கிளவுட் இமேஜ்களில் ரூட் அக்கவுண்ட் பூட்டியே இருக்கும், ஆகவே இந்தத் திரையில் எந்தப் பாஸ்வேர்டும் எடுபடாமல் போகலாம். லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்யுங்கள், அல்லது கிரப்பில் இனிட் என்ற இடத்தில் பேஷ் ஷெல்லைக் கொடுத்து நுழையுங்கள். கிளவுடில் இன்னும் வசதி: அந்த ரூட் வால்யூமைக் கழற்றி வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டித் திருத்திவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்டலாம்.

இனி, நிஜமாகவே கெட்டுப்போன ஃபைல் சிஸ்டம். ‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்ஸிஸ்டன்ஸி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி’ என்பதுதான் இதன் முத்திரை. பூட் நேரத்தில் எஃப்எஸ்சிகே தானாகவே ஓடுகிறது. ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத திருத்தங்களை மட்டுமே அது கேட்காமல் செய்யும். தகவல் போய்விடலாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மனிதனைக் கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிடும்போது நாம் போய் மைனஸ் ஒய் போட்டுவிட்டால், அது நிறுத்தியதற்கே பொருளில்லாமல் போகிறது.

அதற்கு முன்னால் டிமெஸ்ஜி கட்டளையில் ‘ஐஓ எரர்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது ஃபைல் சிஸ்டம் வியாதி அல்ல, டிஸ்க் வியாதி. ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண்ணும் (மாற்றப்பட்ட செக்டர்கள்) 197-ஆம் எண்ணும் (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்) ஏறியிருந்தால், எதையும் பழுதுபார்க்காதீர்கள். டிடி-ரெஸ்க்யூ கொண்டு இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நிமிடம். அதை எடுக்காமல் ஆரம்பிப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

டிஸ்க் நலம் என்று தெரிந்த பிறகும், ரீட்-ரைட்டாக மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது. கர்னல் ஒரு பக்கம் எழுத, எஃப்எஸ்சிகே மறுபக்கம் எழுத, இருந்த கொஞ்சமும் நாசமாகும். இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் ரூட் இன்னும் மவுண்ட் ஆகவில்லை என்பதால், ஓட்டுவதற்கு அதுதான் நல்ல இடம். இஎக்ஸ்டி4 என்றால் முதலில் மைனஸ் என் போட்டு ஓட்டுங்கள். எதையும் எழுதாமல், என்னென்ன பழுது என்று மட்டும் சொல்லும். இலவச பிளாக் எண்ணிக்கை தப்பு, அநாதை ஐநோடு என்ற அளவில் இருந்தால் கவலையே வேண்டாம், மைனஸ் ஒய் போட்டு முடித்துவிடலாம். ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் உரிமை கொண்டாடுகின்றன என்றோ, ரூட் ஐநோடு டைரக்டரியே இல்லை என்றோ வந்தால் கையை எடுத்துவிட்டு, பேக்கப் எங்கே, எப்போது எடுத்தது என்று முதலில் பாருங்கள்.

‘பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்பிளாக்’ என்று வந்ததும் மாற்று சூப்பர்பிளாக்கைத் தேடி ஓடாதீர்கள். அநேகமாகத் தப்பான இடத்தில் ஓட்டியிருப்பீர்கள்: பார்ட்டிஷனுக்குப் பதில் முழு டிஸ்க்கையோ, எல்விஎம் வால்யூமுக்குப் பதில் அதன் கீழே இருக்கும் பார்ட்டிஷனையோ கொடுத்திருப்பீர்கள். பிஎல்கேஐடி கட்டளை அது எந்த வகை என்று சொல்லும். நிஜமாகவே சூப்பர்பிளாக் போயிருந்தால், 4 கேபி பிளாக் அளவுள்ள இஎக்ஸ்டி4-இல் முதல் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். மைனஸ் பி கொடுத்து அந்த எண்ணைச் சொல்லலாம். பிரதிகள் எங்கே என்று எம்கேஇ2எஃப்எஸ் கட்டளையை மைனஸ் என் போட்டு ஓட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. அந்த ‘என்’ விட்டுப்போனால் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிடும். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு நான் இதைச் சொல்லித்தரமாட்டேன்.

எக்ஸ்எஃப்எஸ் தனி ஜாதி. 2014-இல் வந்த ரெட்ஹேட் 7-இலிருந்து அங்கே அதுதான் வழக்கமான ஃபைல் சிஸ்டம். அதற்கான எஃப்எஸ்சிகே கட்டளை சாதாரணமாக எதுவுமே செய்யாமல் ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டுப் போகும். அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. உண்மையான கருவி எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர். ஜர்னலில் இன்னும் எழுதி முடிக்காத வேலை இருந்தால் அது ஓட மறுக்கும். அப்போது ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்தாலே ஜர்னல் தீர்ந்துவிடும். மவுண்டே ஆகாதபோது மட்டும், கடைசி ஆயுதமாகப் பெரிய எழுத்து எல் ஆப்ஷன். அது ஜர்னலையே அழித்துவிடும், அதிலிருந்த மாற்றங்களும் போய்விடும்.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ரூட் கிடைக்காவிட்டால் ‘மவுண்ட்ரூட்’ என்று கேட்டு நிற்கும். கேள்விக்குறி அடித்தால் இருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியல் போடும். சரியானதை எழுதினால் மேலே வந்துவிடும்.

பழுது முடிந்து சர்வர் எழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எஃப்எஸ்சிகே பார்ப்பது கணக்குப் புத்தகத்தைத்தான்; கிடங்கில் உள்ள மூட்டைக்குள் அரிசியா மண்ணா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. லாஸ்ட்-ஃபவுண்ட் டைரக்டரியில் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் வந்து விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்பிஎம் மைனஸ் விஏ, டெபியனில் டெப்சம்ஸ், இவற்றால் சிஸ்டம் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டேட்டாபேஸ் இருந்தால் அதற்குரிய சோதனையைத் தனியாக ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட் திடீரென ரீட்-ஒன்லியாக மாறினாலும் முதலில் காரணத்தைத் தேடுங்கள். அது ஃபைல் சிஸ்டம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது. ஏன் என்று பார்க்காமல் ரீட்-ரைட்டாக மாற்றினால் கெடுதலைத்தான் வளர்ப்பீர்கள்.

பூட்டில் தெரியும் தப்பு, பூட் அன்று நடந்த தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வருஷமாக ரீபூட்டே ஆகாத சர்வரில், அந்த ஒரு வருஷத்தில் யார் யாரோ எஃப்எஸ்டேப்பில் எழுதியது எதுவும் சோதிக்கப்படவில்லை. எனவே திட்டமிட்ட ரீபூட்டுக்கு முன் மூன்றைப் பாருங்கள்: பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா, புதிய கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு முழு அளவில் இருக்கிறதா, சர்வர் எழாவிட்டால் கன்சோலைப் பார்க்க வழி இருக்கிறதா. கூடவே ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளையை ‘வெரிஃபை’ ஆப்ஷனோடு இன்றே ஒருமுறை ஓட்டுங்கள். எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துத் தப்பைச் சொல்லும். எதையும் மாற்றாது, சர்வரை நிறுத்தவும் வேண்டாம்.