வாடகைக்காரர் கடனில் மூழ்கும்போது கடைச் சொந்தக்காரர் செய்ய வேண்டியவை

புறக்கோட்டையிலும் கண்டியிலும் ஒரு கடையை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் சீவியம் நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வாடகைக்காரர் கடனாளியாகிவிட்டார் என்ற செய்தி இவர்களுக்குத்தான் கடைசியாக வந்து சேர்கிறது. நெருக்கடியில் விழுந்த வியாபாரி முதலில் தன் காசோலைகள் திரும்பாமல் பார்த்துக்கொள்வார். அடுத்ததாகச் சரக்குத் தருபவரைச் சமாளிப்பார். தள்ளிப்போடுவது வாடகையைத்தான். "முற்பணம் இருக்கிறதுதானே" என்று இருவருமே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் பலர் செய்யும் பெரிய பிழை, கோபத்தில் கடைக்குச் சொந்தப் பூட்டைப் போட்டுவிடுவது. கடை உங்களுடையதாக இருக்கலாம்; அதன் இருப்பாட்சி வாடகைக்காரருடையது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கில் அவரைத் திரும்பக் கடையில் இருத்தும்படி கட்டளை கிடைக்கலாம். வாடகையும் வராது, வழக்குச் செலவும் சேரும்.

பூட்டை விடப் பலமான ஓர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைப் பாக்கிக்கு ஈடாக, வாடகைக்காரர் கடைக்குள் கொண்டுவந்த அசையும் பொருட்களின் மீது சொந்தக்காரருக்கு எழுதாத ஈட்டுரிமை ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சரக்கு கடைக்குள் இருக்கும் வரைதான் அதற்குப் பலம். இராக்காலத்தில் லொறியில் ஏறிப்போன பின் பேசிப் பயனில்லை. ஆகவே பாக்கி மூன்றாம் மாதத்தைத் தொடும்போதே சட்டத்தரணியைக் கண்டு, நீதிமன்றத்தின் மூலம் சரக்கைத் தடுத்துவைக்க வழி தேட வேண்டும். லீசிங் கம்பனியின் இயந்திரத்தையும், மற்றவர் விற்றுத்தரும்படி வைத்த பொருளையும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

நம் வட்டாரத்தில் பெரும்பாலான கடன் விவகாரங்கள் நீதிமன்றம் போவதில்லை. கடன் கொடுத்தவர்கள் ஓரிடத்தில் கூடி, உள்ளதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கடைச் சொந்தக்காரர் அங்கே கவனமாக இருக்க வேண்டும். மாத வாடகை 60,000 ரூபா, முற்பணம் 360,000, எட்டு மாதப் பாக்கி 480,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகைப் பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடன் 80 இலட்சம், சரக்கு 20 இலட்சம் என்றால் ரூபாவுக்கு 25 சதம்தான் தேறும். முற்பணத்தையும் பொதுக் கணக்கில் கலக்கச் சம்மதித்தால் உங்களுக்கு 150,000 கூடக் கிடைக்காது. முற்பணத்தை முதலில் கழித்து, மீதி 120,000க்கு மட்டும் பங்கு கேட்டால் மொத்தம் 390,000 அளவில் கைக்கு வரும். பாக்கிக்குக் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முற்பணம் வாங்கியதே அதற்குத்தான்.

கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி மார்க்கம் பணிக்கிறது. அந்த அவகாசத்தைப் பழைய பாக்கிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வரும் மாத வாடகையையும் அதில் சேர்த்தால் அவருடைய கடன்தான் வளரும். இரண்டையும் தனித்தனியே எழுதி, தவணை தவறினால் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையைக் காலி செய்யும்படி அறிவித்தல் கொடுத்த பிறகு பணம் வாங்க நேர்ந்தால், பற்றுச்சீட்டில் "வாடகை" என்று எழுதாமல் "நட்டஈடு" என்று எழுதுவது சட்டத்தரணிகளின் வழக்கம். இல்லாவிட்டால் வாடகை உறவு தொடர்கிறது என்ற வாதத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

வாடகைக்காரர் லிமிட்டெட் கம்பனியாக இருந்தால் விடயம் வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி நீதிமன்றம் கம்பனியைக் கலைக்கக் கட்டளையிட்ட பின், நீதிமன்ற அனுமதியின்றி அதன் மீது வழக்குத் தொடர முடியாது. பணிப்பாளர்களின் சொந்தப் பிணை வாங்காதவர், கையில் முற்பணம் மட்டும் மிஞ்சியவராக நிற்பார்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. செலவுக்குப் பயந்து வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பமிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். குத்தகைக்கு விட்ட இடங்களை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. முறையாக எழுதிய ஒப்பந்தம் இல்லாதவர் அந்த வழியில் போவது கடினம். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பிலுள்ள பழைய கடைகளின் கதையோ முற்றிலும் வேறு.