கட்டுமானத் துறையின் வளர்ச்சி: நாளை நமக்கு என்ன இருக்கிறது?

(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு மாணவர்)



"சிவில் எடுத்திருக்கியே, நாளைக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்காத சொந்தக்காரர் நம்மில் யாருக்காவது உண்டா? கம்ப்யூட்டர் பிரிவில் படிப்பவனைப் பார்த்து இப்படி யாரும் கேட்பதில்லை. நம்மைத்தான் கேட்கிறார்கள். "கிடைக்கும்" என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கோடு சொன்னால்தானே நாலு பேர் நம்புவார்கள்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுமானம் என்றால் என்ன?

கட்டுமானம் என்றதும் வீடும் அடுக்குமாடியும்தான் கண்ணுக்கு வரும். ரோடு, பாலம், அணை, துறைமுகம், ரயில் பாதை, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை எல்லாமே கட்டுமானம்தான். நமது நாட்டில் விவசாயத்திற்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இந்தத் துறை. ஒரு வீடு எழும்பினால் கொத்தனாருக்கு மட்டுமா வேலை? செங்கல் சூளை, கிரஷர், கம்பி ஆலை, லாரி, பெயிண்ட், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று வரிசையாக எல்லோருக்கும் பங்கு போகிறது. அதனால்தான் பொருளாதாரம் மந்தமாகும்போது அரசாங்கம் முதலில் ரோடு போடவும் வீடு கட்டவும் பணத்தை இறக்குகிறது.

வளர்ச்சிக்குக் காரணங்கள்

(அ) நகரங்கள் வீங்குகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நகரத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 31 சதவீதம். தமிழ்நாட்டில் 48 சதவீதத்திற்கும் மேல். நகரத்திற்கு வருகிறவனுக்கு வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், பஸ் போக ரோடு வேண்டும். இந்தத் தேவை இன்றோ நாளையோ தீரப்போவதில்லை.

(ஆ) அரசின் மூலதனச் செலவு. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது சுமார் 11.21 லட்சம் கோடி ரூபாய். 2014-ல் சுமார் 91,000 கி.மீ. ஆக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் பத்தாண்டுகளில் 1,46,000 கி.மீ.க்கு மேல் நீண்டன. மும்பையில் 21.8 கி.மீ. நீளமுள்ள கடல் பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. காஷ்மீரில் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் ரயில்வே வளைவுப் பாலம் 2025 ஜூனில் திறக்கப்பட்டது. நம் பாம்பனிலோ 1914-ல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்திலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்.

(இ) வீட்டுத் திட்டங்கள். மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-ல் நகரத்திலும் 2016-ல் கிராமத்திலும் தொடங்கியது. தமிழக அரசு 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி, தொகை 3.50 லட்சம் ரூபாய், முதல் ஆண்டு இலக்கு 1 லட்சம் வீடுகள்.

(ஈ) நாம் இன்னும் குறைவாகவே பயன்படுத்துகிறோம். சிமெண்ட் உற்பத்தியிலும் சரி, உருக்கு உற்பத்தியிலும் சரி, சீனாவுக்கு அடுத்து உலகில் இரண்டாம் இடம் நமக்கு. ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் இரண்டிலுமே உலக சராசரிக்குக் கீழேதான் நிற்கிறோம். கட்டி முடித்த நாட்டில் பழுதுபார்க்கும் வேலைதான் மிச்சம் இருக்கும். நாம் இனிமேல்தான் கட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

பட்ஜெட்டில் லட்சம் கோடி என்று படித்தால் தலை சுற்றும். நம் எஸ்டிமேட்டிங் பாடத்தைக் கையில் எடுத்தால் அதே விஷயம் புரியும்படி வந்துவிடும். மேலே சொன்ன கனவு இல்லத்தில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. கூரை போடுவதாக வைத்துக்கொள்வோம். கனம் 5 அங்குலம்.

பரப்பு 27.9 ச.மீ. × கனம் 0.127 மீ. = சுமார் 3.5 கன மீட்டர் கான்கிரீட்.

எம்-20 கலவை 1 : 1½ : 3. ஒரு கன மீட்டருக்கு உலர் கன அளவு 1.54. பாகங்கள் மொத்தம் 5½. ஆகவே சிமெண்ட் 0.28 கன மீட்டர், அதாவது 403 கிலோ, கிட்டத்தட்ட 8 மூட்டை. மணல் 0.42, ஜல்லி 0.84 கன மீட்டர். கம்பி தோராயமாக 80 கிலோ.

ஒரு கூரைக்கு 28 மூட்டை சிமெண்ட், 280 கிலோ கம்பி. 1 லட்சம் வீட்டுக்குக் கூரை மட்டும் 28 லட்சம் மூட்டை. அதாவது 1,40,000 டன் சிமெண்ட், 28,000 டன் கம்பி. அஸ்திவாரம், சுவர், பூச்சு எதையும் நாம் இன்னும் சேர்க்கவே இல்லை! ஒரு மாநிலத்தின் ஒரு திட்டத்தில், ஒரு வருடக் கூரைக்கே இவ்வளவு என்றால் முழு நாட்டையும் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 72 என்ற எண்ணை ஆண்டு வளர்ச்சி வீதத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பது தோராயமாக வரும். ஒரு துறை ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 9 ஆண்டில் இரட்டிப்பு. 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. எனக்கு இப்போது வயது 18. அந்த 9 ஆண்டு முடியும்போது 27. நாம் சைட் என்ஜினீயராக நிமிர்ந்து நிற்கும் வயதும் துறை இரட்டிப்பாகும் காலமும் ஒன்றாக வரலாம்.

தடைகள்

எல்லாம் நல்லதாகவே சொன்னால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் பார்ப்போம்.

முதலாவது, வட்டி. 20 லட்சம் கடன், 20 வருடம். வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். 9 சதவீதம் என்றால் சுமார் 18,000. மாதம் 2,500 ரூபாய் வித்தியாசத்தில் எத்தனையோ குடும்பங்கள் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகின்றன. ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை 2022 மே மாதத்திலிருந்து ஏற்றியது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைக்கத் தொடங்கியது. இந்த ஏற்ற இறக்கம் சைட்டில் சாந்து கலக்கும் ஆள் வரைக்கும் வந்து சேருகிறது.

இரண்டாவது, பணம் முடங்குவது. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது நாடு முழுக்கப் பல வேலைகளுக்குப் பணம் வறண்டது. நிலம் எடுப்பதில் தாமதம், வழக்கு, பில் பாஸ் ஆவதில் இழுபறி இவையும் சேர்ந்தால் நல்ல காண்ட்ராக்டர்கூட நொடித்துப் போவார்.

மூன்றாவது, பொருள். ஆற்று மணலை அள்ளி அள்ளி ஆறுகளைக் கெடுத்தோம். இனி எம்-சாண்ட்தான் வழி. 2016-ல் திருத்திய ஐ.எஸ். 383 அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். சல்லடைச் சோதனை செய்யத் தெரிந்தவன் சைட்டில் இருந்தால்தான் அது பிடிபடும். அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

நான்காவது, தரம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் இப்படி ஒரு விபத்து துறையின் மானத்தையே வாங்கிவிடும். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டு நல்ல பூட்டுகளைப் போட்டது. வீடு வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்த வேலைக்கே செலவழிக்க வேண்டும். சாவி கொடுத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டரே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டங்களுக்கு மட்டும்தான் இது. கிராமத்தில் தனி வீடு கட்டுபவருக்கு மேஸ்திரியின் நாணயமும் நம்மைப் போன்றவர்களின் படிப்பும்தான் காவல்.

வளர்ச்சி யாருக்கு?

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். எங்க அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். ஆகவே 'துறை வளர்கிறது' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி வரும்: சாரத்தில் நிற்பவன் வளர்ந்தானா?

2020 ஊரடங்கின்போது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் கட்டுமானத் துறையின் உற்பத்தி ஏறக்குறைய பாதியாக விழுந்தது. பீகார், ஒரிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊருக்குப் புறப்பட்டதை நாடே பார்த்தது. மெட்ரோவும் மேம்பாலமும் கட்டியவர்களுக்குக் கையில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு வழி இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லேயே வந்துவிட்டது. 1996-ல் மத்தியச் சட்டம் வந்து, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலிக்க வழி செய்தது. ஆனால் நாடு முழுக்க வசூலான பணம் தொழிலாளிக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் பழைய சட்டங்கள் இப்போது அடங்கிவிட்டன. சட்டத்தின் பெயர் எதுவானாலும், பதிவு இல்லாத தொழிலாளிக்கு நலவாரிய உதவிகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் சாரம் சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. வாரியத்தில் பதிவு இல்லை. ஒரு வாரக் கூலியைக் கொடுத்துக் காண்ட்ராக்டர் கணக்கை முடித்துவிட்டார். அவர் மகன் பத்தாம் வகுப்போடு நின்று இப்போது சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். இருபது வருடம் சட்டி தூக்கினாலும் சித்தாள் சித்தாள்தான். அம்மா சொல்வார்: "கலவை எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும், மட்டம் பார்க்கவும் தெரியும். கரண்டியைக் கையில குடுத்தாத்தானே?" ஆண் சித்தாளாக வருபவன் சில வருடத்தில் கொத்தனார் ஆகிறான். பெண்ணுக்கு அந்தப் படி இல்லை. சம்பளமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

இதில் இயந்திரமும் வருகிறது. ரெடிமிக்ஸ், பம்ப், அலுமினியம் பார்ம்வொர்க், பிரிகாஸ்ட் எல்லாம் வந்தபின் அதே அளவு கான்கிரீட்டுக்கு ஆள் குறைவாகப் போதும். துறை இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சட்டி தூக்கும் வேலை குறையும். இயந்திரம் ஓட்டுபவர், டோட்டல் ஸ்டேஷன் வைப்பவர், தரம் பார்ப்பவர், பாதுகாப்பு பார்ப்பவர் இவர்களுக்குத் தேவை கூடும். டிப்ளமோ படித்த நமக்கு இது சாதகம். நம் பெற்றோருக்குப் பாதகம். அவர்களுக்கும் புதுத் தொழில் கற்றுக்கொடுத்தால்தான் இது வளர்ச்சி.

நாம் செய்ய வேண்டியது

1. கியூப் டெஸ்ட், ஸ்லம்ப் டெஸ்ட் இரண்டையும் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்யாதீர்கள். நாளை நாம் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட்டை நம்பித்தான் நாலு குடும்பம் கூரைக்கடியில் தூங்கும்.

2. கியூரிங்கில் சமரசம் வேண்டாம். ஐ.எஸ். 456 சொல்வது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். தண்ணீர் ஊற்றுவதில் மிச்சம் பிடித்தவன் கட்டடத்தின் ஆயுளைக் குறைத்தவன்.

3. விடுமுறையில் ஒரு மாதமாவது சைட்டுக்குப் போங்கள். மேஸ்திரியிடம் "அண்ணே, சொல்லிக் கொடுங்க" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

4. நம் மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் நலவாரியப் பதிவு முகாம் நடத்தலாம். 18 முதல் 60 வயதுக்குள் உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் பதிவு செய்யலாம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஆன்லைன் என்பது பூட்டிய கதவு. திறக்கும் சாவி நம் கையில் இருக்கிறது.

5. நாம் மேற்பார்வை செய்யும் சைட்டில் ஹெல்மெட், பெல்ட், உறுதியான சாரம் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. விருப்பமுள்ள பெண் தொழிலாளிக்குக் கரண்டி கொடுத்துக் கற்றுக்கொடுப்பதும் நம்மால் ஆகும் காரியமே.

முடிவுரை

நகரம் பெருகுகிறது, அரசு செலவழிக்கிறது, வீட்டுத் தேவை தீரவில்லை. ஆகவே வரும் பத்தாண்டுகளில் இந்தியக் கட்டுமானத் துறை வளரும் என்று தைரியமாகச் சொல்லலாம். நடுநடுவே வட்டியும் நிதி முடக்கமும் அதை இழுத்துப் பிடிக்கும்; ஆனாலும் நிறுத்திவிட முடியாது. சொந்தக்காரர் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கட்டடத்தின் பலம் அஸ்திவாரத்தில். துறையின் அஸ்திவாரம் தொழிலாளி. அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடிக்கு மேல் மாடி ஏற்றினால் என்ன ஆகும் என்று சிவில் படிக்கும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படித்து முடித்து சைட்டில் கால் வைக்கும்போது இதை மறவாதிருப்போம், தோழர்களே!