வேங்கடமாக வந்த பிரகாஷ்ராஜ்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

திரைப்படத்தில் கதாநாயகனுக்குப் பாட்டு உண்டு, கைதட்டல் உண்டு. குணச்சித்திர நடிகருக்கோ பாத்திரம் ஒன்றே சொத்து. அத்தகைய நடிகர்களுள் பிரகாஷ்ராஜைப் பற்றி எழுத எனக்குத் தனிக் காரணம் உண்டு. அவர் எங்கள் ஊர் நெசவாளியாக நடித்தவர்.

1965இல் பெங்களூரில் பிறந்த பிரகாஷ் ராய், கன்னட நாடக மேடையிலும் 'குட்டத பூத' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலும் பழகியவர். இயக்குநர் கே. பாலசந்தர் 1994இல் 'டூயட்' படத்தின் வாயிலாக அவரைத் தமிழுக்கு அழைத்து வந்தார். 1997இல் வெளிவந்த 'இருவர்' சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2004இல் 'கில்லி' முத்துப்பாண்டி! அந்தக் குரலைப் போலச் செய்து பார்க்காத மாணவர் நம் கல்லூரியில் எவரேனும் உளரோ?

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' வேறு வகை. 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் என்னும் இரு தேசிய விருதுகளும் இதற்கே. மகளைப் பட்டுடுத்தி மணமுடித்து அனுப்புவேன் என்று வாக்களித்த நெசவாளி வேங்கடம், முதலாளியின் பட்டு நூலை நாள்தோறும் சிறிது சிறிதாக வாயில் அடக்கிக் கொண்டுவந்து இரகசியமாகச் சேலை நெய்கிறான். பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துத் தரப்படும். முடிந்த சேலையும் நிறுத்தே வாங்கப்படும். ஆகவே ஒரு பிடி நூலை ஒரே நாளில் எடுக்க வழியில்லை. குரலால் புகழ்பெற்ற நடிகர் இங்கே வாயை மூடிக்கொண்டு நடிக்கிறார். கண்ணும் கழுத்தும் மட்டுமே பேசுகின்றன. அவருடைய நடிப்பில் இதுவே உச்சம் என்பேன். (எங்கள் ஊர்ப் பேச்சு அவர் நாவில் முழுமையாக அமையவில்லை; அது வேறு.)

இப்படத்தை என் தந்தையாருடன் வீட்டில் பார்த்தேன். அவர் முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்பவர். நெசவாளியைத் திருடனாகக் காட்டிவிட்டார்களே என்று எனக்குச் சினம். "எங்க அக்கா கல்யாணத்துக்கு நாம திருடலையேப்பா" என்றேன். அவர் நெய்யும் வகைச் சேலையையே கடனுக்கு வாங்கினோம். கூலியில் பிடித்து அது தீரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

"திருடல. எனக்கும் அந்த நெனப்பு வந்துச்சுடா" என்றார் அப்பா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வேங்கடமே, மகள் திருமணம் முடிவானதும் தோழர்களை வேலைக்குத் திரும்பச் சொல்லும் காட்சி வந்தது. தறிக்குப் போனால்தானே நூல்! கொள்கை பேசிய அதே முகத்தில் பொய் ஏறுவதை ஒரு மிகையும் இன்றிக் காட்டுகிறார் பிரகாஷ்ராஜ். அப்பா தலை குனிந்துகொண்டார்.

இறுதிக் காட்சியில், இறந்த மகளின் உடலை முடியாத அந்தப் பட்டால் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா விரல்களை மடக்கி ஏதோ கணக்கிட்டார்.

"இன்னும் ரெண்டு மொழம் நெய்யணும்" என்றார்.