ஐங்கோண வளையமும் அடங்காத எலக்ட்ரானும்

திருவண்ணாமலை

சிரஞ்சீவி தம்பிக்கு,

எலக்ட்ரான் நாட்டம் மிகுந்த அரோமேட்டிக் வளையங்களைக் கணினியில் வடிவமைத்து நீ எழுதிய கட்டுரையைப் பௌர்ணமிக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே திண்ணையில் அமர்ந்து வாசித்தேன். முதல் அட்டவணையின் முதல் வரியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பென்சீனுக்கு நீ கண்ட எலக்ட்ரான் நாட்ட மதிப்பு, சோதனையில் அளந்த மைனஸ் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வந்ததையே உன் முறைக்குப் பிரமாணமாகக் காட்டியிருக்கிறாய். பென்சீனோ வந்த எலக்ட்ரானை நிலையாக வைத்துக்கொள்ளாத வஸ்து. நீயோ அணுக்கருவை விட்டு நெடுந்தூரம் பரவும் டிஃப்யூஸ் சார்பு ஒன்றுகூட இல்லாத பேசிஸ் செட்டில் கணக்கிட்டிருக்கிறாய். நான்கு கோபுர வாசல்களையும் சாத்திவிட்டு, உள்ளே அகப்பட்ட ஜனங்கள் அனைவரும் பிராகாரத்திலேயே குடியிருக்க வந்தவர்கள் என்று சாதிப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? அந்தச் சார்புகளைச் சேர்த்துக்கொண்டே போ; எலக்ட்ரான் நழுவி, உன் எண் பூஜ்யத்தை நோக்கி நகர்வதைக் காண்பாய். ஒப்பிடுவதற்கு, எலக்ட்ரானை மெய்யாகவே பற்றிக்கொள்ளும் ஆந்த்ரசீன் (0.53) இல்லையா, டி.சி.என்.க்யூ. (சுமார் 3.4) இல்லையா?

நாங்கள் அந்த டிஃப்யூஸ் சார்புகளை விலக்கியது தரித்திரத்தால். எழுபதுகளில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஐ.பி.எம். 370 கணிப்பொறிக்கு, துளையிட்ட அட்டைகளை வரிசை குலையாமல் ரப்பர் வளையம் மாட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அச்சுக் காகிதத்துக்காகக் காத்து நின்ற எங்களுக்கு, கார்பன் அணு ஒன்றுக்கு ஐந்து சார்புகளே கட்டுப்படியாயின; ஓர் அட்டை இடம் மாறினால் அன்றைய பாடு வீண். திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப் வேகத்தில் 'பரம் பொருள்' மீக்கணினி இயங்கும் இக்காலத்தில், அந்தத் தரித்திரத்தை நீ ஏன் சுமக்கிறாய்?

ஆனால் பென்சீனை விட்டுச் சைக்ளோபென்டாடையீனைலுக்கு நீ திரும்பிய இடம் இருக்கிறதே, அபாரம்! ஐந்து பை எலக்ட்ரான்களோடு குறைபட்டு நிற்கும் அவ்வளையம் இன்னொன்றைப் பெற்று ஆறாகி ஹக்கெல் விதியை நிறைவு செய்வதால்தான், எந்த அலங்காரமுமின்றியே அதன் நாட்டம் 1.8 ஆகிறது என்பதையும், ஹைட்ரஜன்களின் ஸ்தானத்தில் சயனோ தொகுதிகளை ஏற்றினால் அது குளோரின் அணுவின் 3.6ஐயும் தாண்டி, பூரு ஜெனா முதலியோர் ஆராயும் சூப்பர்ஹாலஜன்களின் வரிசையில் சேர்ந்துவிடும் என்பதையும் இவ்வளவு தெளிவாக எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஐந்து சயனோவும் ஏறிய அதே வளையத்தின் அயனியை 1960களிலேயே வெப்ஸ்டர் என்ற வேதியியலாளர் தயாரித்துவிட்டாரே, அதை ஏன் விட்டாய்? சேர்த்துவிடு. மறுகணக்கை அனுப்பும்போது புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வேண்டாம், ஒன்று போதும்.