யாருக்குப் பக்கத்தில் யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி அண்ணன் போன் செய்தார். உனக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் கிடைத்ததைத் தறிச் சத்தத்தையும் மீறிச் சொன்னார். புற்றுக்கட்டித் திசுவைப் படமெடுத்து, அதற்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் எப்படிக் குடியிருக்கின்றன என்று பார்க்கும் வேலையாமே. "படம் எடுக்கிறதுக்கு எதுக்கும்மா இத்தனை படிப்பு?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் விரிவாக.

ஒரு சேலையை நூல் நூலாகப் பிரித்து, அரக்கு இவ்வளவு, பச்சை இவ்வளவு, சரிகை இவ்வளவு என்று தராசில் போட்டால் கணக்கு சரியாகத்தான் வரும். புட்டா எங்கே விழுந்தது, முந்தி எப்படி இருந்தது என்பது போய்விடும். கட்டியைக் கரைத்து அணுக்களை எண்ணும் முறைகள் அப்படித்தான். அவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் எந்த அணு எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அறிய, திசுவைத் திசுவாகவே பார்க்க வேண்டும். பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006-ல் பெருங்குடல் புற்றில் இதைக் காட்டினார்கள். எதிர்ப்பு அணுக்கள் எந்த வகை, எவ்வளவு நெருக்கம், கட்டியின் நடுவிலா ஓரத்திலா என்பதை வைத்தே நோயாளிகளின் பிற்காலத்தைப் பெருமளவு கணிக்க முடிந்தது.

சில கட்டிகளில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான பி அணுக்கள் உருண்டையாகக் கூடியிருக்கும். சுற்றிலும் இன்னொரு வகையான டி அணுக்கள். ரத்தத்திலிருந்து அணுக்களை உள்ளே விடுவதற்கென்றே சிறு நாளங்கள். நிணநீர்க் கணு ஒன்று இடம் மாறி முளைத்தது போல இருக்கும். இதை மூன்றாம்நிலை நிணநீர் அமைப்பு என்கிறோம். 2020 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் சேர்ந்து வந்தன. மெலனோமா, சிறுநீரகப் புற்று, சார்கோமா ஆகியவற்றில், இந்த அமைப்புகளும் பி அணுக்களும் மிகுந்திருந்த நோயாளிகளுக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை கூடுதலாகப் பலித்திருந்தது. அவை இருந்ததால்தான் பலித்தது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. சேர்ந்து இருந்தன என்பது வரைதான் அந்தப் படங்கள் சாட்சி சொல்லும்.

நீ கணினியில் கெட்டிக்காரி. ஆனாலும் முதல் ஆறு மாதம் மைக்ராஸ்கோப்பில் உட்கார். என் பயிற்சியின் இரண்டாம் வருஷம், அழகான பி அணு உருண்டை ஒன்றைப் பார்த்து, கட்டிக்குள் முளைத்த அமைப்பு என்று எழுதிவிட்டேன். ஓரத்தில் மெல்லிய உறை ஓடியதைக் கவனிக்கவில்லை. உறை இருந்தால் அது உடம்பில் முன்பே இருந்த நிணநீர்க் கணு. மூத்தவர் ஒருவர் ஸ்லைடை நகர்த்தி அந்தக் கோட்டைக் காட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. உன் கணினிக்கு அந்தக் கோட்டை நீ சொல்லித் தராவிட்டால், ஆயிரம் ஸ்லைடில் அதே தவறைச் செய்யும்.

ஸ்லைடில் ஏற்றும் சாயங்கள்கூட நம் வீட்டுக்கு உறவுதான். ஊதா தரும் ஹீமடாக்சிலின், மெக்சிகோப் பக்கத்து மரமொன்றின் கட்டையிலிருந்து வருவது. ஐரோப்பாவில் பட்டைக் கறுப்பாக்க அதை வைத்திருந்தார்கள். திசுவில் அது பிடிக்கப் படிகாரம் வேண்டும், பழைய சாயத்தொட்டிக்கு வேண்டியிருந்தது போலவே. இளஞ்சிவப்பு தரும் ஈயோசின் 1870-களில் ஜெர்மனியில் பிறந்து, பட்டுக்கும் கம்பளிக்கும் போன சாயம்.

இன்று ஒரே துண்டில் அணு வகைகளை அடையாளம் காட்டும் முப்பது நாற்பது குறிகளைச் சுற்றுச் சுற்றாக ஏற்றிப் படமெடுக்கிறார்கள். அந்தத் துண்டின் தடிமன் நான்கைந்து மைக்ரான்; பட்டுப்புழு கக்கும் ஒற்றை இழையில் பாதிக்கும் குறைவு. கத்தி சற்றுத் தள்ளி இறங்கினால் உருண்டையே கண்ணில் படாது. ஆகவே ஒரு துண்டில் காணோம் என்றால், கட்டியிலேயே இல்லை என்று எழுதாதே. அடுத்தடுத்த துண்டுகளையும் பார். சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருச்சிசு மூளைப் படங்கள் 5,132 துண்டுகளிலிருந்து வந்தவை. அந்தப் பொறுமை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் அதிகம். அந்தத் திசுக்களை இதே கண்ணோடு பார்க்க ஆட்கள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பாய். சிலர் மடியில் இருக்கும் பையில் மெழுகு பிளாக் இருக்கும். பயாப்சி எடுத்த திசு அதில்தான். அது விரல் நுனியளவு. சீவச் சீவத் தீர்ந்துவிடும். நாளை அவர்களுக்கே வேறொரு சோதனை தேவைப்படலாம். ஆராய்ச்சிக்கென்று ஒரு துண்டு கேட்பதற்கு முன், சம்மதம் வாங்கியிருக்கிறார்களா, மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று விசாரி. போதாது என்றால், பிளாக்கைத் தொடாமல் திருப்பிக் கொடு.

முதல் ஸ்லைடைப் பார்த்த அன்று எனக்குப் போன் செய். எந்த உறுப்பு, கட்டியின் ஓரம் எங்கே, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்.

உன் அத்தை