மில்லிங் இயந்திரத்துக்கு ஏன் தனிக் கணினி?



பாசிர் கூடாங், செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளில் உங்கள் வீட்டார் யாரேனும் வேலை செய்தால், 'சி.என்.சி.' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கணினி எண்வழிக் கட்டுப்பாடு என்பது அதன் பொருள். சுழலும் வெட்டுக்கருவி எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்பதை எண்களே முடிவு செய்கின்றன. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் இத்தகைய மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியபோது, கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்று மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் இயந்திரத்தை வீட்டிலேயே அமைக்கிறார்கள். அதை இயக்கப் பழைய கணினி ஒன்றே போதும். ஆனால், அந்தக் கணினிக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஏன்?

துடிப்பை எண்ணுவோம்

இயந்திரத்தின் ஒவ்வோர் அச்சையும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் நகர்த்துகிறது. பொதுவாக அது ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். இயக்கிப் பலகை ஒவ்வொரு படியையும் 8 நுண்படிகளாகப் பிரித்தால்:

ஒரு சுற்றுக்கு: 200 × 8 = 1,600 துடிப்புகள்
திருகுத்தண்டு ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்தினால்: 1,600 ÷ 5 = ஒரு மி.மீ.க்கு 320 துடிப்புகள்
வேகம் நிமிடத்துக்கு 600 மி.மீ., அதாவது விநாடிக்கு 10 மி.மீ.: 320 × 10 = விநாடிக்கு 3,200 துடிப்புகள்

எனவே ஏறத்தாழ 312 மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பு போக வேண்டும். திரையைப் புதுப்பிக்கவோ, இணையத்திலிருந்து எதையோ இறக்கவோ கணினி 1 மில்லி விநாடி நேரத்தை எடுத்துக்கொண்டால், மூன்று துடிப்புகளின் நேரம் கடந்துவிடும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. மோட்டாருக்கோ அது திடீர்த் தடுமாற்றம்.

தடுமாறிய மோட்டார் பின்தங்கினால், பெரும்பாலும் நான்கு முழுப்படிகளின் மடங்காகவே நழுவும். நம் கணக்கில் அது 0.1 மி.மீ. இவ்வகை எளிய அமைப்பில் மோட்டாரின் உண்மையான நிலையைத் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. ஆகவே, கணினி பிழையை அறியாமலே தொடர்ந்து வெட்டும். அதன்பின் விழும் ஒவ்வொரு துளையும் இடம் மாறியே விழும்.

வேகமா, தாளமா?

உறுமி மேளம் அடிப்பவர் எவ்வளவு வேகமாக அடிப்பார் என்பது முக்கியமல்ல. ஒவ்வோர் அடியும் தாளத்தில் விழ வேண்டும். இயந்திரக் கட்டுப்பாடும் அப்படித்தான். உரிய நேரத்தில் உரிய வேலையைத் தவறாமல் முடிப்பதை 'நிகழ்நேரச் செயல்பாடு' என்கிறோம். புதிய, விலையுயர்ந்த மடிக்கணினி இதில் தோற்கலாம். அதன் மின்சேமிப்பு ஏற்பாடுகளே தாளத்தைக் கெடுக்கும். பழைய மேசைக்கணினி வெல்லலாம்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்ததே 'லினக்ஸ் சி.என்.சி.'. இது இலவசம், நிகழ்நேர லினக்ஸ் மீது ஓடும்.

அமைக்கும் முறை

1. இணைத்துறை உள்ள பழைய மேசைக்கணினியைத் தேர்ந்தெடுங்கள். முன்பு அச்சுப்பொறியைச் செருகிய 25 ஊசித் துறைதான் அது. ஓர் அச்சுக்கு இரண்டு ஊசிகள் போதும்: ஒன்று துடிப்புக்கு, மற்றொன்று திசைக்கு.
2. மென்பொருளை நிறுவியபின், மின்சேமிப்பு, வைஃபை, திரைக்காப்பு ஆகியவற்றை அணையுங்கள். கோப்புகளை யூ.எஸ்.பி. குச்சியில் கொண்டு வாருங்கள்.
3. தாமதச் சோதனையைப் பல நிமிடங்கள் ஓட விடுங்கள். அந்நேரம் சன்னல்களைத் திறந்து மூடி, கணினியை வேண்டுமென்றே தொல்லைப்படுத்துங்கள். மிக அதிகத் தாமதம் 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மிக நன்று. 100-ஐத் தாண்டினால் இவ்வேலைக்கு அக்கணினி ஆகாது.
4. கணினிக்கும் மோட்டார் இயக்கிக்கும் இடையே, மின்தனிமைப்படுத்தும் இடைப்பலகையைப் பொருத்துங்கள்.
5. ஒரு மி.மீ.க்கான துடிப்புகளைப் பதிவு செய்து, வெட்டுக்கருவிக்குப் பதில் பேனாவைக் கட்டி, 100 மி.மீ. சதுரம் வரையச் சொல்லுங்கள். அளவுகோலால் அளந்து பாருங்கள்.

உலோகச் சீவல் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கணினியை இயந்திரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

உயிர் காக்கும் சிவப்புப் பொத்தான்

அவசர நிறுத்தப் பொத்தானைக் கணினிக்குச் செய்தி சொல்லும் பொத்தானாக மட்டும் அமைக்கக் கூடாது. உறைந்துபோன கணினி செய்தியைக் கேட்காது. பொத்தானை அழுத்தியதும் மோட்டார்களுக்கும் வெட்டுக்கருவிக்கும் போகும் மின்சாரமே துண்டிக்கப்பட வேண்டும். மின்னிணைப்பைத் தகுதி பெற்றவரிடம் விடுங்கள். கண்ணாடிக் கவசம் அணியுங்கள். கையுறை அணியாதீர்கள், சுழலும் கருவி அதைக் கையோடு இழுத்துவிடும். பெரியவர் துணையின்றி இயக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

மோட்டார் 200 படிகள், நுண்படிகள் 4, திருகுத்தண்டு சுற்றுக்கு 4 மி.மீ. வேகம் நிமிடத்துக்கு 600 மி.மீ. எனில், இரண்டு துடிப்புகளுக்கு இடையே எவ்வளவு நேரம்?

(விடை: ஒரு மி.மீ.க்கு 200 துடிப்புகள், விநாடிக்கு 2,000, இடைவெளி 500 மைக்ரோ விநாடி.)