மூடிக்கு அரை நூல்

மங்களூர்,
ஆடி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அத்தையும் மக்காச்சோளம் ஊன்ற வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு உன் கையாலேயே ஓர் அஞ்சறைப் பெட்டி செய்து தரப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்தேன், பிறகு சந்தோஷப்பட்டேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்குக் கையில் மரத்தூள் படட்டுமே. ஆனால் கூடவே அனுப்பியிருந்த கருவிப் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடு. ஒரு சின்ன ரம்பம், கால் அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் ஒவ்வோர் உளி, ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல் போதும். ஆறு கருவியைப் பழகியவன் செய்யும் பெட்டியை, அறுபது கருவி வாங்கி அடுக்கியவன் செய்து நான் பார்த்ததில்லை.

மிச்சப்படும் பணத்தில் நல்ல சாணைக்கல்லாக வாங்கு. கடையிலிருந்து வரும் உளி வெட்டாது, அது வெறும் இரும்புத் துண்டுதான். கல்லில் தண்ணீர் விட்டு, முதலில் தட்டையான முதுகைக் கண்ணாடிபோல் தேய். பிறகு சரிவுப் பக்கத்தை 25லிருந்து 30 டிகிரிக்குள் ஒரே சாய்வில் பிடித்துத் தீட்டு. முன்கை ரோமத்தை மழிக்கிற அளவு கூர் வந்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். மழுங்கிய உளிக்குத்தான் அதிக பலம் கொடுப்போம்; அதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். எப்போதும் இரண்டு கையும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

மரத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அப்போது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படி விழுந்த ஒரு பலாவை அறுத்த பலகைகள் நான்கு நம் பரண்மேல் கிடக்கின்றன. பச்சைப் பலகையை நிழலில் காயப்போட்டால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது ஆசாரிகள் கணக்கு. இவை பத்து வருஷத்துக்கு மேல் காய்ந்தவை. பால் வற்றி, மஞ்சள் நிறம் தேன் நிறமாகிவிட்டது. தஞ்சாவூர் வீணை செய்வதும் பலாவில்தான். கரையான் லேசில் தொடாது. இரண்டு பலகை உனக்கு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் அச்சு வார்த்தவன் நான். அகல்விளக்கு, கொலுப் பொம்மை, பியூஸ் கட்டை என்று எல்லாமே என் கையில் வந்திருக்கின்றன. மண் காயும்போது சுருங்கும், சூளையில் மறுபடி சுருங்கும். பத்தில் ஒரு பங்கு போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்வோம். ஆனால் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து இறங்கிவிட்டால் அதோடு சரி. ஐம்பது வருஷம் கழித்து எடுத்து அளந்தாலும் அதே அளவு.

வேலையை விட்டு வந்து, பொழுதுபோக்காக மரத்தில் கை வைத்தபோது அதே புத்தியோடு வைத்தேன். தேக்கில் ஒரு நகைப் பெட்டி செய்தேன். இழுப்பு மூடி காற்றுக்கூட நுழையாதபடி காடியில் இறுக்கமாக ஓடியது. அடிப்பலகையை நாலு பக்கமும் பசை தடவி ஆணி அடித்துவிட்டேன். பங்குனியில் முடித்து அத்தையிடம் பெருமையாகக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் மூடி உள்ளேயே இறுகிக்கொண்டது. வளையலை எடுக்க முடியாமல் அவள் பேசிய பேச்சை எழுத முடியாது. அடுத்த சித்திரையில் அடிப்பலகை நடுவில் பிளந்தது.

தெருக்கோடியில் இருந்த பெரிய ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம் செத்துப்போச்சுன்னு நெனச்சியா?" என்றார். எனக்கு அவர் நடத்திய முழுப் பாடமும் அதுதான்.

மரம் ஈரக் காற்றைக் குடித்துப் பருக்கும், வெயிலில் விட்டு ஒடுங்கும். நீளவாக்கில் இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாது; அகலவாக்கில்தான் எல்லாம். ஆறு அங்குல அகலப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூல் கூடிக் குறையும் (இஞ்சுக்கு எட்டு நூல்). கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தடுத்தால் அந்த அரை நூல் ஆணியைப் பிடுங்கும், பலகையைப் பிளக்கும். ஆகவே தடுக்காதே, இடம் விடு. அடிப்பலகையை நாலு சுவரிலும் வெட்டிய காடிக்குள் பசை போடாமல் சும்மா செருகி வை. அறை பிரிக்கும் சட்டங்களையும் அப்படியே செய்.

வேலை வரிசையைச் சொல்கிறேன். பெட்டி பத்துக்கு ஆறு அங்குலம், சுவர் கனம் நாலு நூல் போதும். முதலில் பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் இழைத்து நேராக்கி, அவற்றில் பென்சிலால் அடையாளம் இடு. இனி எந்தக் கோட்டையும் அந்த முகத்திலிருந்தே போடு. இழைக்கும்போது ரேகையின் போக்கைப் பார். ஆட்டு முதுகைத் தடவுவது மாதிரிதான். ரோமம் படிகிற பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்த்தால் சிலிர்ப்பு. சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியான திசை. பிய்த்துக்கொண்டு வந்தால் பலகையைத் திருப்பிப் போடு.

எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே நீளமாக்கு. மூலைகளை வெறும் பசையால் ஒட்டாதே. வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும், பிடிக்காது. இரண்டு கையின் விரல்களைக் கோர்ப்பதுபோல் பல் வெட்டிக் கோர்த்தால் பலகையின் பக்கமும் பக்கமும் ஒட்டும், அது விடாது. ஒரு துண்டில் பல் வெட்டியதும் ஸ்கேலை ஓரமாக வை. அந்தத் துண்டையே அடுத்ததன்மேல் வைத்துக் கூர்க்கத்தியால் கோடு கீறு. ஸ்கேல் உனக்கு அளவைச் சொல்லும். துண்டுதான் உண்மையைச் சொல்லும். ரம்பத்தைக் கோட்டின் மேல் ஓட்டாதே, கழிவுப் பக்கம் ஓட்டு. மிச்சத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவு. எடுத்ததை ஒட்டவைக்க முடியாது.

பசை போட்டுக் கட்டியதும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார். இரண்டு அளவும் ஒன்றானால் பெட்டியின் மூலைமட்டம் தப்பவில்லை. கூடக் குறைய இருந்தால் நீளமான குறுக்கை அமுக்கு. பசை காய்வதற்குள் வழிக்கு வரும்.

உப்புத்தாளைக் கடைசியில் கொஞ்சமாகத் தொடு. வெளிப்பக்கம் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மூன்று பூச்சு பூசு. உள்பக்கம் கடுகும் மிளகும் இருக்கும் இடம், ஒன்றும் பூசாதே. ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

முதல் பெட்டியில் இடைவெளி தெரியும், ஒரு பல் உடையும். மறைக்காதே. அடியில் தேதியை எழுதி வை. மூன்றாவது பெட்டி செய்யும்போது முதல் பெட்டிதான் உனக்கு வாத்தியார்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறவள் நீ என்று உன் அம்மா சொல்வாள். மூடியை மட்டும் இறுக்கமாகச் செய்துவிடாதே. வெயில் நாளில் செய்தால் அரை நூல் தளர்வாக ஓடட்டும். தீபாவளிக்கு வரும்போது பெட்டியைக் கட்டாயம் எடுத்து வா. ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும். மூடி திறக்கிறதா என்று அத்தையே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா